தைரியம் சப்ளை செய்யும் மாமா

மனிதர்களில் தைரிய மாமா என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். சொந்தத்தில் ஒரு குழந்தை பிறந்து, தவழ்ந்து, நடந்து, பேசக் கற்று, வீட்டுக்கு வந்த யாரோ கன்னத்தைக் கிள்ள வரும்போது அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டால் போதும். எங்கிருந்தோ இவர் முளைத்துவிடுவார். "பிள்ளைக்குத் தன்னம்பிக்கை பத்தல" என்பார். கன்னத்தைக் கிள்ள வருகிற ஆளைக் கண்டால் நீங்களும் நானும்கூட ஒளியத்தான் செய்வோம். அந்த வாதமெல்லாம் இவரிடம் எடுபடாது.

இந்த இனத்தில் அத்தைகள் உண்டு, சித்தப்பாக்கள் உண்டு. ஆனாலும் தாய்மாமன்தான் கலப்படமில்லாத ரகம். ஏன் என்கிறீர்களா? பெற்றவர்களுக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டுவதற்கும் ஊட்டுவதற்கும் அதட்டுவதற்குமே பொழுது சரியாகப் போய்விடுகிறது. மாமாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. காலையில் வந்து தைரியத்தைக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் பிள்ளையை அதன் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விடலாம். கொடுத்த தைரியத்தை வைத்துக்கொண்டு அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை.

நம் கையில் அகப்பட்டிருக்கும் மாமா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். லென்ஸை இயந்திரத்தில் வைத்துத் தேய்த்து, ஃபிரேமுக்குள் மயிரிழை பிசகாமல் உட்கார வைப்பது அவர் வேலை. அதில் கெட்டிக்காரர், குறை சொல்ல முடியாது. அக்கா மருத்துவமனையில் நர்ஸ். சனிக்கிழமை ராத்திரி டியூட்டி முடித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் கண் சொருக வீடு வந்து சேர்வாள். அத்தான் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருப்பதைவிட ரோட்டில் இருப்பதுதான் அதிகம். அவர்களுடைய ஒரே மகளுக்கு ஆறு வயது. ஆள் சிறியவள் என்பதால் சுண்டு என்று கூப்பிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளுக்குத் தைரியம் ஊட்டுவது பற்றிய ஏதோ வீடியோவில் பாதி பார்த்த கையோடு, மாமா தன் திட்டத்தை அக்காவிடம் விளக்கினார். அக்கா தலையணையைச் சரி செய்துகொண்டே கேட்டுக்கொண்டாள்.

"தாராளமா சொல்லிக் குடுடா. கதவை மட்டும் சாத்திட்டுப் போ."

தன் கல்விக் கொள்கைக்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டதாக மாமா நினைத்துக்கொண்டார். அக்காவுக்குத் தேவைப்பட்டது தூக்கம்.

முதல் பயிற்சி, சுவரில் மாட்டிய கண்ணாடி முன்னால். மாமா மார்பை நிமிர்த்தி நின்றார். சுண்டுவும் நின்றாள். கண்ணாடியில் அவள் தலையின் மேல் பாதிதான் தெரிந்தது.

"சத்தமா சொல்லு. என்னால் முடியும்!"

"என்ன முடியும் மாமா?"

"எல்லாமே முடியும்."

"அலமாரி மேல ஏறிக் குதிக்கவா?"

"அது கூடாது."

"அப்ப எல்லாமே இல்லையே."

இந்தக் கேள்விக்குப் பதில் வீடியோவின் மறு பாதியில் இருந்திருக்கலாம். மாமா பயிற்சியை மாற்றினார்.

தெருமுனை பேக்கரியில் அவளே போய், அவளே கேட்டு, அவளே பன் வாங்கி வரவேண்டும். மாமா தூணுக்குப் பின்னால் நின்று கண்காணிப்பார். சுண்டு போனாள், கவுண்டரைப் பிடித்துக்கொண்டு எக்கி நின்று ஏதோ பேசினாள், ஒரு பன் வாங்கப் போனவள் இரண்டோடு திரும்பி வந்தாள். "அந்தத் தூணுக்குப் பின்னாடி ஒருத்தர் பயந்துக்கிட்டு நிக்கிறாரு, அவருக்கும் ஒண்ணு குடுங்கன்னு கேட்டேன். குடுத்துட்டாரு" என்றாள். பேக்கரிக்காரர் கவுண்டரிலிருந்து மாமாவை இரக்கத்தோடு பார்த்தார். மாமா பன்னைத் தின்றுகொண்டே அடுத்த பயிற்சியை யோசித்தார்.

அடுத்தது ஜோடி சேர்க்கும் சீட்டு விளையாட்டு. பிள்ளைகளை ஜெயிக்கவிட்டால் நம்பிக்கை வளரும் என்பது இந்த இனத்தின் அசைக்க முடியாத சித்தாந்தம். மாமா வேண்டுமென்றே தப்புச் சீட்டாகப் புரட்டி, ஒவ்வொரு தடவையும் "அய்யய்யோ" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். சுண்டு கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். "ஒழுங்கா ஆடுங்க மாமா, போரடிக்குது" என்றாள். மாமா ஒழுங்காக ஆடினார். அப்போதும் தோற்றார்.

அப்புறம் 'முடியாது' விளையாட்டு. யாராவது இஷ்டமில்லாததைச் செய்யச் சொன்னால் எப்படி மறுப்பது என்று இதில் கற்றுத்தருவார்கள். "சாரி சொல்லக் கூடாது, காரணம் அடுக்கக் கூடாது, கண்ணைப் பார்த்து முடியாதுன்னு சொல்லணும். அவ்வளவுதான்" என்றார் மாமா. சுண்டு அதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலையில் அக்காவிடமிருந்து போன் வந்தது. "பல்லு தேய்க்கமாட்டாளாம்டா! கண்ணைப் பார்த்துச் சொல்றாடா!"

ஆனால் மாமாவின் கண்டுபிடிப்புகளில் தலைசிறந்தது சைக்கிள் பழகும்போது பிறந்தது. விழுந்தால் அழக்கூடாது, திட்டக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் கைதட்டி, "அருமை! இன்னொரு தடவை!" என்று சொல்ல வேண்டும். சுண்டு விழ, மாமா தட்ட, அவள் எழ, மறுபடி விழ, மறுபடி தட்ட, அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பால் கொட்டினால் கைதட்டல். கணக்கு தப்பினால் கைதட்டல். தூக்கக் கலக்கத்தில் அக்கா கதவில் முட்டிக்கொண்டபோது கைதட்டிய மாமாவுக்கு என்ன கிடைத்தது என்பதை இங்கே எழுத வேண்டாம்.

எல்லாம் சரி. இந்தப் பயிற்சிகளுக்கு நடுவே அவ்வப்போது மாமாவின் போன் அடிக்கும். முதலாளி. உடனே மாமா எழுந்து நின்றுவிடுவார். தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாலும் சரி, சுண்டுவுக்குக் குதிரையாகக் குனிந்திருந்தாலும் சரி, குதிரை சட்டென்று நிமிர்ந்துவிடும். "சொல்லுங்க சார். இல்ல சார், சும்மாதான் இருக்கேன் சார். ஆகட்டும் சார்."

குதிரையிலிருந்து வழுக்கி விழுந்த சுண்டு ஒருநாள் கேட்டாள்.

"நீங்க நிக்கிறது போன்ல அவருக்குத் தெரியுமா மாமா?"

"தெரியாது."

"அப்புறம் ஏன் நிக்கிறீங்க?"

"கால் மரத்துப் போச்சு கண்ணு."

"சும்மாதான் இருக்கேன்னு ஏன் சொன்னீங்க? நாம விளையாடிக்கிட்டுத்தானே இருந்தோம்?"

மாமாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் இந்த இனத்துக்கு அந்தச் சுருக்கு அதிக நேரம் நிற்காது.

பள்ளி ஆண்டு விழா வந்தது. சுண்டு நாடகத்தில் மேகம். "நான் வந்தால் மழை வரும், நகருங்கள்!" என்ற ஒரே ஒரு வசனம். அன்றைக்கு அக்காவுக்கு டியூட்டி மாற்ற முடியவில்லை. அத்தான் லாரியோடு எங்கோ தொலைவில். அரங்கத்தில் அவளுக்கென்று உட்கார மாமா ஒருவர்தான்.

"வருவீங்கல்ல?"

"முதல் வரிசை! நடு நாற்காலி!"

"முதலாளி கூப்பிட்டா?"

மாமா சிரித்தார். சத்தம்தான் அவ்வளவாக வரவில்லை.

விழா நாளும் வந்தது. மதியம் மாமா அக்கா வீட்டில் உட்கார்ந்து சுண்டுவின் சட்டையில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. மாமா எழுந்தார். விரலிலிருந்த பஞ்சு காதில் ஒட்டிக்கொண்டது.

"எங்கய்யா இருக்க? நம்ம முக்கியமான கஸ்டமர் கண்ணாடி மேலயே உக்காந்துட்டாராம். சாயங்காலத்துக்குள்ள வேணுமாம். வந்துடு."

"வந்துடறேன் சார்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, கடைக்கு ஓடி, வேலையை முடித்து, முடிந்தால் கடைசியில் வந்து எட்டிப் பார்ப்பது என்பதை அவள் மனம் நோகாமல் எப்படிச் சொல்லலாம் என்று வார்த்தை தேடினார். அதற்குள் கைதட்டல் கேட்டது.

"விழுந்துட்டீங்க மாமா. அருமை! இன்னொரு தடவை!"

அதில் துளிகூடக் கேலி இல்லை. கேலியாக இருந்தால் ஓர் அதட்டலில் முடித்திருக்கலாம். பாதி மேகமாக நின்றுகொண்டு, அவர் கற்றுக்கொடுத்ததை அவருக்கே முழு மனதோடு செய்தாள். மாமாவுக்கு அழுகை வரும்போல இருந்தது. மறுபடி போன் செய்தார்.

"சார்... ஒண்ணுமில்ல சார். அந்தக் கண்ணாடி... கிட்டப்பார்வையா தூரப்பார்வையா சார்?"

மறுபடியும் கைதட்டல். "அருமை!"

"யாருய்யா அங்க கை தட்டுறது?"

"டிவி சார்."

வைத்துவிட்டார். சுண்டு அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"உக்காந்து பேசுங்க மாமா. நின்னா வராது."

மாமா தரையில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது முறையாகப் போன் செய்தார்.

"சார், இன்னிக்கு என்னால வர முடியாது."

மறுமுனையில் பேச்சில்லை. அந்த இடைவெளியில் மாமாவுக்கு வேலை போய், வாடகை நின்று, வீட்டுக்காரர் சாமான்களை வெளியே வைத்து, ஒரு பெட்டியோடு அக்கா வீட்டு ஹாலில் படுத்து, அத்தானிடம் லாரி ஓட்டக் கற்றுக்கொள்ளும்வரை எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

"சரி விடு, நாளைக்குத் தர்றோம்னு சொல்லிக்கறேன்" என்றார் முதலாளி. "இதைச் சொல்றதுக்கா இத்தனை தடவை போன் பண்ண?"

எத்தனை வருஷமாக எழுந்து நின்ற கால்கள்! முதலாளி போனை வைத்து வெகு நேரம் ஆன பிறகும் மாமா அதைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதோடு திருந்தினாரா? நல்ல கதை! பள்ளிக்குப் போகும் வழியெல்லாம், "பார்த்தியா, இப்படித்தான் தைரியமா பேசணும்" என்று சுண்டுவுக்கே பாடம் எடுத்துக்கொண்டு போனார்.

முதல் வரிசை, நடு நாற்காலி. திரை விலகியது. மேகம் மைக் முன்னால் வந்து நின்றது. பேசவில்லை. அரங்கம் காத்திருந்தது. மேகம் இன்னும் பேசவில்லை. மாமா நாற்காலி நுனிக்கு வந்தார். மறந்துவிட்டாள்! விழுந்துவிட்டாள்! துள்ளி எழுந்தார். அந்தக் கூட்டத்தில் தன்னந்தனி ஆளாகக் கைதட்டினார்.

"அருமை! இன்னொரு தடவை!"

அத்தனை தலைகளும் திரும்பின. மேகம் மைக்கைத் தன் பக்கம் இழுத்தது.

"மாமா, நான் இன்னும் விழவே இல்ல. உக்காருங்க."

விஷயம் இதுதான்: முந்திய காட்சியின் சூரியன் தன் அட்டைக் கதிர்களோடு படியில் சிக்கிக்கொண்டு இன்னும் மேடையை விட்டு இறங்கவில்லை. அவன் போகட்டும் என்று அவள் நின்றிருந்தாள். அவன் போனதும், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, "நான் வந்தால் மழை வரும், நகருங்கள்!" என்றாள். மாமா உட்கார்ந்துவிட்டார். காதில் அந்தப் பஞ்சு அப்படியே இருந்தது.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. "எங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருக்காரு" என்று யார் யாரையோ நினைத்துக்கொள்கிறீர்கள். இருக்கட்டும். அடுத்த தடவை உங்கள் மேலதிகாரியின் பெயர் போனில் மின்னும்போது மட்டும், ஒரு நொடி குனிந்து உங்கள் கால்களைப் பாருங்கள். பக்கத்தில் ஏதாவது குழந்தை இருந்தால் அந்தச் சிரமமும் வேண்டாம். அது எப்போதோ பார்த்துவிட்டது. கைதட்டாமல் இருக்கிறதே, அது உங்கள் மேல் உள்ள மரியாதை.