வெயிலில் காயவைத்த லேப்டாப்

ஒரு பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கில் இடம் கிடைத்துவிட்டால் போதும், அவளுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி எல்லாமே தெரியும் என்று ஊர் நம்பிவிடும். ஊர் நம்புவதில் ஆபத்து ஒன்றுமில்லை. நானே நம்பிவிட்டேன், வினை அங்கேதான் ஆரம்பித்தது.

இரண்டாயிரத்து ஆறில் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, நான் கம்ப்யூட்டரைத் தொட்டதுகூடக் கிடையாது. பார்த்திருக்கிறேன். எங்கள் பள்ளியில் அதற்கென்று ஓர் அறை இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையாக உள்ளே போய், துணி போர்த்தியிருக்கும் அதைச் சுற்றிவந்து வெளியேற வேண்டும். (விபூதி கொடுக்காததுதான் குறை.) மற்றபடி என் கணினி அறிவு முழுவதும் பேப்பரில் வரும் விளம்பரங்களைப் படித்துச் சேர்த்தது. ரேம், ஹார்ட் டிஸ்க், மவுஸ் என்று வார்த்தைகள் தெரியும். அவை என்ன செய்யும் என்பது தெரியாது.

எங்கள் ஊர் எறையூர். அப்பாவுக்குக் கரும்பு விவசாயம். என்னை ஆசிரியர் பயிற்சியில் சேர்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. கம்ப்யூட்டர்தான் படிப்பேன் என்று நான் சாப்பிடாமல் கிடந்து சாதித்தேன். (பக்கத்து வீட்டுச் செல்லம்மா அத்தையிடம் சாப்பிட்டுவிட்டு வந்து கிடந்தேன்.) அப்பா இறங்கிவந்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

"தெரியும் தெரியும்ங்கற, சேத்து வுடறேன். அங்க போயி முழிச்சேன்னு தெரிஞ்சுது, அடுத்த வருஷம் டீச்சர் ட்ரெயினிங்தான்."

ஆகவே, எனக்குத் தெரியாது என்ற சொல்லை அந்தக் கோடை முழுக்க நான் உச்சரிக்கவே இல்லை.

கல்லூரிக்கு ஒரு லேப்டாப் இருந்தால் நல்லது என்று யாரோ சொல்ல, மலிவாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "நீதான் படிச்ச புள்ள, நீயே பாரு" என்றார் அப்பா. பெரம்பலூரில் ஒரு கடைக்குப் போனோம். உட்காரவைத்துக் குளிர்பானம் கொடுத்தார்கள். அப்பா அவசரப்பட்டு விலையைக் கேட்டுவிட்டார். கேட்ட பிறகு குளிர்பானம் தொண்டையில் இறங்கவில்லை. பாதியிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தோம்.

அடுத்த வாரம் அரியலூரில் ஒரு வளைகாப்பு. அப்பாவும் நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும் வழியில், ஒரு பெரிய பர்னிச்சர் கடை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மேசை, அதன்மேல் வெள்ளைவெளேர் என்று ஒரு லேப்டாப் திறந்திருந்தது. திரையில் ஒரு மலை, ஒரு ஏரி, ஏரியில் ஒரு படகு. பக்கத்தில் ஓர் அட்டையில் 'அதிரடி விலை' என்று எழுதியிருந்தது.

உள்ளே போனோம். அப்பா அந்தத் திசையில் கையை நீட்டினார்.

"இது என்ன வெலைங்க?"

கடைக்காரர் வந்து மேசையைத் தட்டி ஒரு விலை சொன்னார். பெரம்பலூரில் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்பா என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"என்னா பாப்பா இவ்ளோ கம்மியா சொல்றாரு? எதுனா கோளாறு இருக்குமோ?"

"நான் கேக்கறேன் இருங்கப்பா" என்று துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு முன்னே போனேன். விளம்பரங்களைப் படித்ததெல்லாம் இந்த ஒரு நாளுக்காகத்தான்.

"ரேம் எப்படிண்ணே?"

"ஃப்ரேமா? ஸ்டீலும்மா. துருவே புடிக்காது."

எனக்குத் திருப்தி. "ஹார்ட் டிஸ்க்?"

"டெஸ்க்கு நல்லா ஹார்டும்மா. ஏறி நின்னாக்கூட ஒண்ணும் ஆவாது."

"கீபோர்டு?"

"உள்ள தள்ளுனா போயிடும், இழுத்தா வந்துடும்."

"மவுஸ்?"

"அதுக்கும் தனியா எடம் இருக்கு."

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்துப் பெரிதாகத் தலையசைத்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது, நான் விசாரித்துவிட்டேன் என்று அர்த்தம். அப்பாவின் முகத்தில் அன்று இருந்த பெருமையை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. மடியிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, லேப்டாப்பைத் தொட்டுக் காட்டினார்.

"இத இப்பவே எடுத்துட்டுப் போலாங்களா?"

"அதுங்களா? அது டம்மி பீஸுங்க. சும்மா பார்வைக்கு வெச்சது."

இந்த இடத்தில் நான் குறுக்கிட்டேன். "டம்மி இல்லண்ணே. டெமோ. டெமோ பீஸ்னு சொல்லணும்."

"நீ எப்படிச் சொன்னாலும் சரிதாம்மா" என்று அவர் சிரித்தார். "ஆசப்பட்டா எடுத்துக்குங்க. மத்தது வெள்ளிக்கிழம வண்டியில வந்துடும்."

வெளியே வந்ததும் அப்பா கேட்டார், "டெமோன்னா என்னா பாப்பா?"

"கடையில எல்லாருக்கும் காட்டறதுக்கு வெச்சிருக்கறதுப்பா. அதான் வெல கம்மி."

"மத்ததுன்னாரே?"

"சார்ஜரு, பை, சிடி எல்லாம்."

"அதுக்கு எதுக்கு வண்டி?"

"கம்பெனி ரூல்ப்பா."

பஸ்ஸில் அப்பா அதைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டார். சிமென்ட் லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது தூசி படாமல் துண்டால் மூடினார். குன்னம் தாண்டியதும் மெல்லக் கேட்டார்.

"கனமே இல்லியே பாப்பா?"

"லேட்டஸ்ட்டுப்பா. இதவிடக் கனம் கம்மியா எங்கயும் கெடைக்காது" என்றேன். அது மட்டும் முழு உண்மை.

வீட்டில் அம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். தெருவே கூடிவிட்டது. எல்லோர் முன்னாலும் நான் ஒரு பட்டனை அழுத்தினேன். அமுங்கவில்லை. இன்னொன்றை அழுத்தினேன். அதுவும் அமுங்கவில்லை. கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து, கட்டைவிரல் சிவக்கும் வரை அழுத்திப் பார்த்தேன். படகு அங்கேயே நின்றது.

"ஹேங் ஆயிருக்கு" என்று அறிவித்தேன். (இந்த வார்த்தையும் பேப்பரில் படித்ததுதான்.) அலைச்சலில் அப்படி ஆகும் என்றதும், எல்லோரும் லேப்டாப்பைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுக் கலைந்தார்கள்.

அன்று சாயங்காலம் கரண்ட் போனது. டிவி நின்றது, ஃபேன் நின்றது. லேப்டாப்பில் மட்டும் மலையும் ஏரியும் அப்படியே இருந்தன. அப்பா அசந்துபோனார். "பாத்தியா, கரண்டே இல்லாம ஓடுது!" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். நன்றாக இருட்டியதும் படம் தெரியவில்லை. சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றேன். மறுநாள் விடிந்ததும் பார்த்தால், படம் தானாகத் திரும்ப வந்திருந்தது.

அந்தக் கணம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் கணக்கு வாத்தியாரிடம் வெளிச்சத்தில் ஓடும் கால்குலேட்டர் ஒன்று இருந்தது. லேப்டாப்பில் ஒயர் செருக ஓட்டை எங்குமே இல்லை. பகலில் எரிகிறது, இருட்டினால் அணைகிறது. இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்?

"அப்பா, இது சூரிய ஒளியில ஓடற மாடல். நல்லா வெயில்ல வெச்சு சார்ஜ் ஏத்தணும். அப்பத்தான் ஹேங்கு போவும்."

வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டோம். ஒரு பக்கம் அம்மா வேப்பங்கொட்டை காயப்போட்டிருந்தார், மறுபக்கம் லேப்டாப்பைக் காயப்போட்டோம். காக்கா வராமல் இருக்க அம்மா கையில் குச்சியோடு நிழலில் உட்கார்ந்துகொண்டார். நடுவில் ஒருமுறை எழுந்துபோய், மறுபக்கமும் காயட்டும் என்று அதைத் திருப்பியும் போட்டார்.

போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று விசாரித்தார்கள். செல்லம்மா அத்தை மட்டும் தினமும் வந்து கட்டிலோரம் குனிந்து பார்ப்பார்.

"இன்னும் எத்தினி நாளு காயணும் மலரு?"

"நல்லா ஏறுற வரைக்கும் அத்த."

"மொறுமொறுன்னு ஆனதும் எடுத்துடுவியா?"

அவர் கிண்டல் செய்யவில்லை. அக்கறையாகத்தான் கேட்டார். நானும் அக்கறையாகவே, "ஆமாத்த" என்றேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. சார்ஜர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா உலையை இறக்கக் குச்சியை வைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தவர் போட்ட அலறல், கரும்பு ஆலை வரைக்கும் கேட்டிருக்கும்.

செல்லம்மா அத்தையின் வெள்ளாடு கட்டில்மேல் முன்னங்காலை வைத்து நின்றுகொண்டிருந்தது. மலை போயிருந்தது. ஏரியில் பாதி போயிருந்தது. படகு அதன் வாய்க்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆடு கம்ப்யூட்டரத் தின்னுடுச்சு!" என்று அப்பா ஓடிவந்தார். ஆனால் ஆட்டைத் தொட அவருக்குப் பயம். இத்தனை நாள் ஏற்றிய சார்ஜ் எல்லாம் இப்போது அதன் வயிற்றில் அல்லவா இருக்கிறது? ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு, காய்ந்த குச்சியால் தூரத்தில் நின்று தள்ளினார். ஆடு படகையும் விழுங்கியது.

செல்லம்மா அத்தை தலைவிரிகோலமாக ஓடிவந்தார். "அய்யோ, சினை ஆடாச்சே! கரண்ட வாசல்ல காயப்போட்டு வெச்சு என் ஆட்டக் கொன்னுட்டீங்களே!"

"யாரு? நாங்களா? உன் ஆடு என் பொண்ணு படிப்பையே தின்னுடுச்சு, நீ எங்கள கேக்கறியா?"

"அதுக்கு எதுனா ஆச்சு, சும்மா வுட மாட்டேன்!"

"மொதல்ல திரைய கக்கச் சொல்லு, அப்பறம் பேசு!"

இப்படி இருவரும் கத்திக்கொண்டிருக்கும்போது, வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. ஓட்டுநரும் இன்னொருவரும் இறங்கி, அட்டை சுற்றிய ஒரு பெரிய சாமானை மெல்ல இறக்கினார்கள். நாலு கால், இழுப்பறை, கீழே ஒரு பலகை. சண்டை நின்றது. அப்பா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

"இதான் சார்ஜரா பாப்பா?"

"கம்ப்யூட்டர் டேபிளுங்க" என்றார் ஓட்டுநர். "நீங்க அரியலூர்ல பணம் கட்டுனதுதான். எங்க எறக்கிப் போடறது?"

நான் கட்டிலுக்குப் போய் லேப்டாப்பைக் கையில் எடுத்தேன். ஆடு கிழித்த இடத்தில், திரைக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் அட்டை தெரிந்தது. ஏதோ பழைய அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு குடைப் படமும், இந்தப் பக்கம் மேலே என்று காட்டும் அம்புக்குறியும் இருந்தன.

ஃப்ரேம் ஸ்டீல். டெஸ்க் ஹார்டு. உள்ளே தள்ளினால் போய்விடும், இழுத்தால் வந்துவிடும். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் காதில் மறுபடி ஓடியது.

"அப்பா" என்றேன். "டெமோ இல்லப்பா. டம்மிதான்."

முதலில் பேசியது செல்லம்மா அத்தை. "அட்டையா? வெறும் அட்டைதானா? அட நீ வாடி தங்கம்" என்று ஆட்டைக் கட்டிக்கொண்டு கொஞ்சியபடி வீட்டுக்கு ஓட்டிப்போனார். டெம்போ போனது. தெருக்காரர்கள் சிரிப்பை அடக்கமாட்டாமல் ஒவ்வொருவராக நழுவினார்கள். நான் கட்டிலில் வேப்பங்கொட்டையோடு வேப்பங்கொட்டையாக உட்கார்ந்திருந்தேன். ஆசிரியர் பயிற்சிக்கு எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா மேசையின் இழுப்பறையை இழுத்தார், தள்ளினார். மறுபடி இழுத்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உனக்குக் கம்ப்யூட்டரப் பத்தி ஒண்ணும் தெரியாதா பாப்பா?"

"ஒண்ணும் தெரியாதுப்பா" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

"அடச்சே, இதுக்கா அழுவற? தெரியாததக் கத்துக்கத்தான காலேஜிக்கு ஃபீஸ் கட்டறேன். எல்லாம் தெரிஞ்சவளா இருந்தா அது தண்டச் செலவுல்ல?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தார். "அம்மா திருப்பிப் போட்டுக் காய வெச்சா, பாத்தியா!"

அந்த மேசையில்தான் நான் நாலு வருடமும் விடுமுறைக்கு வந்து படித்தேன். உண்மையான லேப்டாப் வந்தது மூன்றாம் வருடத்தில், திருச்சியில் ஒரு கடையிலிருந்து. இந்த முறை தேர்ந்தெடுத்தது அப்பா. ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்தார். திரையின் ஓரத்தை நகத்தால் சுரண்டி, உரிகிறதா என்று பார்த்தார். கடைசியில், "கடை லைட்டெல்லாம் கொஞ்சம் அணைக்கிறீங்களா?" என்று கேட்டார். அந்தப் பையன் என்ன நினைத்தானோ, அணைத்துவிட்டான். இருட்டில் திரை மட்டும் பளிச்சென்று எரிந்தது. "இது எரியுது, கட்டுங்க" என்றார் அப்பா.

படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகு, என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சென்னையில் சாஃப்ட்வேர் இன்ஜினியர். காபி கொண்டுபோகும் நேரத்தில், செல்லம்மா அத்தை ஓர் ஆட்டை ஓட்டிவந்து எங்கள் வாசலில் கட்டினார். (அந்தப் பழைய ஆடு இல்லை. அதன் பேத்தி.)

"இத எதுக்கு அத்த இப்ப ஓட்டியாந்தீங்க?" என்று பல்லைக் கடித்தேன்.

"இருக்கட்டும்டி. ஒருவாட்டி ஏமாந்த குடும்பம் பாரு."

ஆடு கழுத்தை நீட்டி, வாசலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் முழங்கையை முகர்ந்தது. சட்டையை முகர்ந்தது. பிறகு ஆர்வமில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"தின்னல. அசலுதான்" என்று அத்தை உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் அவரைப் பற்றி ஏதாவது குறை சொல்ல நான் ஊருக்குப் போன் செய்தால், அம்மா பாதியிலேயே நிறுத்திவிடுவார். "நீ பாத்துக் கட்டியிருந்தா கொறை இருக்கும்னு நம்பலாம். அவரு ஆடு பாத்துச் சொன்ன மாப்ளடி, ஒரு கொறையும் இருக்காது."