ஊசி போடப் போன ட்ரிப்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளையை ஊசி போடக் கூட்டிப்போகிற யாரும் அதைப் பிள்ளையிடம் சொல்வதில்லை. கடைக்குப் போகிறோம் என்பார்கள், மாமா வீட்டுக்கு என்பார்கள், கோயிலுக்கு என்றுகூட வாய் கூசாமல் சொல்வார்கள். ஊரே சொல்கிற அந்தப் பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவள் நான் ஒருத்திதான்.

என் மகள் தர்ஷிக்கு அப்போது ஏழு வயது. றக்வானையில் மழை தொடங்கினால் அவளுக்கு இழுப்பும் தொடங்கிவிடும். அதற்கு முந்தின மழைக்குச் சளிக்காய்ச்சல் வந்து, மூச்சு எடுக்க முடியாமல், முகத்தில் மாஸ்க் மாட்டி ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தாள். அதிலிருந்து வானம் கறுத்தாலே ராத்திரி எழும்பி அவள் மூச்சைக் காது வைத்துக் கேட்பேன்.

இரத்தினபுரியில் அவளைப் பார்க்கிற டொக்டர், "இந்த முறை மழைக்கு முன்னாடியே ஃப்ளூ ஊசி போட்டுருவோம். பிள்ளைக்கு மட்டும் பத்தாது, அம்மா அப்பாவும் போடணும்" என்றார். வந்திருந்த ஊசியே கொஞ்சம்தான். எங்கள் மூன்று பேருக்கும் எடுத்து வைப்பதாகவும், ஞாயிறு பன்னிரண்டு மணிக்குள் வராவிட்டால் காத்திருக்கிற வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அன்றைக்குப் போட முடியாதாம், பத்திரமாகக் கூட்டி வரச் சொன்னார்.

தர்ஷியிடம் நான், "ஞாயித்துக்கெழம ட்ரிப் போறோம்" என்றேன். (கடைக்கு என்று சொல்லியிருக்கலாம். புத்தி வேலை செய்யவில்லை.)

லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசை வீடுகளில் குடியிருக்கிறவர்கள் அந்தச் சொல்லைச் சும்மா சொல்லிவிடக் கூடாது. வேன் பிடித்து, பக்கத்து வீட்டை விட்டுவிட்டு ட்ரிப் போனால் அந்த மனஸ்தாபம் சாவு வீடு வரைக்கும் வரும். தர்ஷியோ அன்று சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

ஞாயிறு காலை கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டு அன்னலெச்சுமி அக்கா புதுச்சேலையில் நிற்கிறார், கையில் சோற்றுப் பார்சல் கூடை. பின்னால் அவர் வீட்டுக்காரர் பெரியசாமி அண்ணன் டோலக்கோடு. அவர்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு வீட்டு ஆட்கள், பிள்ளை குட்டிகளோடு.

"ஏம் புள்ள, எங்கள விட்டுட்டுப் போகப் பாத்தியாக்கும்?" என்றார் அக்கா.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். தர்ஷி என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். "ஐயோ, ஒங்கள விட்டுட்டுப் போவோமாக்கா? வாங்க, வாங்க" என்றேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

நாங்கள் பிடித்திருந்த வேனின் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வழியில் கோயிலைக் கண்டு இறங்கித் தேங்காய் உடைத்தார்கள். பெல்மதுளையில் தேத்தண்ணி குடித்தார்கள். டோலக்குச் சத்தத்தில் வேன் குலுங்கியது, நான் மட்டும் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு அப்பால் ஓர் ஆற்றைக் கண்டதும் பெரியசாமி அண்ணன், "நிப்பாட்டு, நிப்பாட்டு! ட்ரிப் வந்துட்டுக் குளிக்காமப் போறதா?" என்றார். நியாயமான கேள்வி.

"நானும் குளிக்கப் போறேம்மா" என்று தர்ஷி ஓடினாள்.

"வேணாம்டீ! சளி புடிக்கும்!"

"வெயிலு இந்தக் கொளுத்துக் கொளுத்துது, விடு புள்ள" என்றார் அன்னலெச்சுமி அக்கா.

தர்ஷியைப் பிடிக்க நான் ஓடினேன். கரையில் அவள் நின்றுவிட்டாள், என்னால்தான் நிற்க முடியவில்லை. பாசிக்கல்லில் வழுக்கி, முழங்காலளவு தண்ணீரில் தலை வரைக்கும் முங்கி எழுந்தேன். தர்ஷியின் மேல் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. ஆனால் கரையில் இருந்தவர்கள், "பாரு, தர்ஷி அம்மாவே எறங்கிருச்சு!" என்று கைதட்டி, மிச்சமிருந்தவர்களும் இறங்கிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் முற்றினால் சிங்களம்தான் வரும். போவோம் என்பதை "யமு! யமு!" என்று தொண்டை கிழியக் கத்தி, ஒவ்வொருவராக வேனில் ஏற்றி இரத்தினபுரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டுக்குக் கொஞ்ச நேரமே இருந்தது.

டொக்டரின் டிஸ்பென்சரி வாசலில் எல்லாரும் இறங்கினார்கள். "இங்க என்னா பாக்க இருக்கு?" என்று பெரியசாமி அண்ணன் கேட்ட அதே நேரத்தில் நேர்ஸ் மிஸ் வெளியே வந்து, "ஃப்ளூ ஊசிக்கு வந்த பபா யாரு?" என்று சிங்களம் கலந்து பிள்ளையைக் கூப்பிட்டார்.

கூட வந்த பிள்ளைகள் ரோட்டுப் பக்கம் பறந்தார்கள், பெற்றவர்கள் பின்னால் பறந்தார்கள். தர்ஷி ஓடவில்லை. "ட்ரிப்புன்னு சொன்னியேம்மா" என்றாள். அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் அழாமல் திரும்பி வேனில் ஏறி, பின்சீட்டுக்கு அடியில் நுழைந்து, இரும்புக் காலைக் கட்டிக்கொண்டாள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

ஈரச்சேலையோடு நானும் அடியில் நுழைந்தேன். "பொய்தான்டீ சொன்னேன். போன மழைக்கு நீ மூச்சு விட முடியாமக் கெடந்தப்ப நான் செத்துப் பொழச்சேன். இன்னொருக்கா அத என்னால பாக்க முடியாது. ஊசி வலிக்கும். ஆனா எனக்கும் அப்பாவுக்கும் போடுவாங்க."

ஒரு கையை மட்டும் இரும்புக் காலிலிருந்து எடுத்தாள். "மொதல்ல ஒனக்கு. நான் பாக்கணும்."

நேர்ஸ் மிஸ் என்னை மேலும் கீழும் பார்த்து, "என்ன அக்கே, அங்க மழையா?" என்றார். "இல்ல மிஸ், ட்ரிப்" என்றேன். காய்ச்சல் பார்த்தார், எனக்கும் இல்லை, தர்ஷிக்கும் இல்லை. தர்ஷி கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டேன். அடுத்து என் வீட்டுக்காரர். ஊசி தொடுவதற்கு முன்பே அவர் போட்ட "ஐயோ அம்மா"வில் தர்ஷி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

அன்னலெச்சுமி அக்கா திரும்பும்போது பெல்மதுளை வரை என்னோடு பேசவில்லை. அதன்பிறகு பேச ஆரம்பித்தார், றக்வானை வரை நிறுத்தவில்லை. மறுநாள் தடுமன் பிடித்து நான் படுத்தேன் (ஊசியால் இல்லை, ஆற்றால்). தர்ஷி அந்த மழைக்கு வாட்டுப் பக்கம் போகவில்லை. இப்போது வருடா வருடம் ஊசிக்கு ஊசி என்றே சொல்லிப் போகிறோம், அவளே முன்னால் நடக்கிறாள்.

மற்றப் பயணங்களுக்குத்தான் என்னை நம்புவதில்லை. போன மாதம் ஓப்பநாயக்கவில் ஒரு கல்யாணம். பட்டும் பூவுமாக லயமே பஸ்ஸில் ஏறுகிற நேரத்தில், பன்னிரண்டு வயதுத் தர்ஷி மிதிபலகையில் நின்று, "சத்தியமா கல்யாணத்துக்குத்தானேம்மா?" என்று சத்தமாகக் கேட்டாள். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. அவள் தலையில் கைவைத்து, "சத்தியமா கல்யாணத்துக்குத்தான்" என்றேன். அவள் ஏறிவிட்டாள்.

அன்னலெச்சுமி அக்கா ஏறவில்லை. கொண்டைப்பூ கலையாமல் தலையை என் பக்கம் சாய்த்து, "எந்தலையிலயும் வெச்சுச் சொல்லு புள்ள" என்றார்.