மஞ்சள் ஹெல்மெட்டை முந்துவது எப்படி

பனியன் கழுத்தைத் தாண்டி இறங்க மறுத்தது.

"மூச்சை உள்ள இழுங்க," என்றாள் மனைவி.

"இழுத்துட்டுதான் இருக்கேன்." குரல் துணிக்குள்ளிருந்து வந்தது.

"இது உள்ள இழுத்த வயிறா?"

மகள் பல் தேய்க்கும் பிரஷை வாயில் கவ்வியபடியே வந்து பின்பக்கத்தைப் பிடித்துக் கீழே இழுத்தாள். மனைவி முன்பக்கத்தை இழுத்தாள். கைகள் இரண்டையும் மேலே தூக்கி நின்ற பாலிசிக்காரரின் தலை ஒருவழியாக வெளியே வந்தது. மூக்குக்கண்ணாடி உள்ளேயே தங்கிவிட்டது.

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும், உடம்பைக் கவ்விப் பிடிக்கும் ரகப் பனியன் அது. அவர் வேலை பார்க்கும் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியின் கிளை மேலாளர், எப்போதோ நடக்காமல் போன ஒரு விளையாட்டுப் போட்டிக்காக முகவர்கள் எல்லோருக்கும் அடித்துக் கொடுத்தது. மேலாளர் ஓர் அங்குலத் துணியைக்கூட வீணாக்க மாட்டார். நெஞ்சில் கம்பெனியின் பெயர், வயிற்றில் "நாளை நீங்கள் இல்லையென்றால்?" என்ற கேள்வி, அதற்குக் கீழே முகவரின் கைபேசி எண். வாங்கிய காலத்தில் எழுத்துகள் அடக்கமாகத்தான் இருந்தன. இப்போது தொப்பை அவற்றை நாலா பக்கமும் இழுத்துப் பிடித்ததில், எதிர்ப்பக்க நடைபாதையில் கண்ணாடி இல்லாமல் போகிறவர்களும் படிக்கலாம்.

"அப்பா, கேள்விக்குறியோட புள்ளி சரியாத் தொப்புள் மேல வந்திருக்கு," என்றாள் மகள்.

பாலிசிக்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சைக்கிள் கடைக்காரர் சொல்லிவிட்டார்: சட்டை காற்றில் படபடத்து வேகத்தைத் தின்கிறது, ஒட்டிய பனியன் போட்டால் ஆள் பறக்கலாம். பாலிசிக்காரருக்குப் பறந்தாக வேண்டியிருந்தது.

ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதர் சைக்கிளில் ஏறுவதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு டாக்டர் இருப்பார். இவருக்கும் இருந்தார். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "வீடு வீடாப் போய்ச் சொல்றீங்களே, அதை உங்க வீட்டுலயும் கொஞ்சம் சொல்லிக்கோங்க," என்றார். மறுநாளே சைக்கிள் வந்துவிட்டது. வைக்க இடமில்லாததால் ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே நின்றது. வீட்டுக்கு வருகிறவர்கள் முன்சக்கரத்தைத் தாண்டித்தான் உட்கார வேண்டும். மனைவி சக்கரத்தையும் பார்ப்பாள், அவரையும் பார்ப்பாள்.

டாக்டருக்காக ஆரம்பித்தது என்றாலும், இரண்டு வாரத்தில் அவருக்கு அது நிஜமாகவே பிடித்துப்போனது. அவருடைய தொழில் அப்படி. போன் செய்தால் துண்டிப்பார்கள். பத்து நாள் விட்டு வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால், குரலைக் கேட்டுத் துண்டிப்பார்கள். கல்யாண வீட்டில் அவர் உட்கார்ந்த வரிசையில் நாற்காலிகள் காலியாகவே கிடக்கும். கால்வாய் ஓரச் சாலையில் விடிகாலையில் அந்தத் தொல்லை இல்லை. எதிரே வரும் சைக்கிள்காரர்கள் கையை உயர்த்தினார்கள். இவரும் உயர்த்தினார். ஒரு மனிதன் இன்னொரு மனிதனைப் பார்த்துச் சும்மா சந்தோஷப்படுவதை அவர் பார்த்து வெகுநாளாகியிருந்தது. அந்தச் சாலைக்காகவே அவர் அலாரத்துக்கு முன்னால் எழுந்தார்.

அந்தச் சாலையில் அவருக்கு மிகவும் பிடித்தவர் மஞ்சள் ஹெல்மெட். இவரை விடவும் குண்டு. லைட்டுக் கம்பத்துக்குக் கம்பம் நின்று மூச்சு வாங்குவார். அவரை முந்திப் போகும்போது பாலிசிக்காரர் பெருந்தன்மையோடு தலையாட்டுவார், அவரும் ஆட்டுவார். நம்மை விட மோசமாக ஒருவர் ஓட்டுகிறார் என்பதைப் போல உடற்பயிற்சிக்கு ஊக்கம் தருவது வேறெதுவும் இல்லை.

பனியன் போட்ட அன்றும் அவரை எட்டிப் பிடித்து, பக்கத்தில் போய், "குட் மார்னிங் சார்," என்றார் பாலிசிக்காரர்.

மஞ்சள் ஹெல்மெட் சிரித்துக்கொண்டே திரும்பினார். பார்வை நேராக இவருடைய தொப்பையில் போய் விழுந்தது. சிரிப்பு அப்படியே நின்றது. இரண்டு விநாடி தொப்பையையே பார்த்தார். பிறகு குனிந்து ஒரு மிதி மிதித்தார் பாருங்கள், பாலிசிக்காரர் சுதாரிப்பதற்குள் அவர் வளைவு தாண்டிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சேரும்போது பாலிசிக்காரரின் முகம் சிவந்திருந்தது. ஹாலில் மச்சான் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். மனைவியின் தம்பி. ஜிம்முக்குப் போகிறவன், அதைப் பேச்சுக்குப் பேச்சு சொல்கிறவன்.

"என் வயித்தைப் பார்த்தான்," என்றார் பாலிசிக்காரர். "பார்த்துட்டு, என்கூட ஓட்டுறதே கேவலம்னு நினைச்சு முன்னாடி போயிட்டான். அவனுக்கு என்னை விடப் பெரிய வயிறு."

மச்சான் வயிறு குலுங்கச் சிரித்தான். அவனுக்குக் குலுங்குவதற்கு வயிறு இல்லை என்பது பாலிசிக்காரருக்கு மேலும் எரிச்சலூட்டியது. பேச்சு வளர்ந்தது. இந்த மாதக் கடைசிக்குள் அந்த ஆளை முந்திக் காட்டுகிறேன் என்று இவர் வாய்விட்டார். முந்தாவிட்டால் சைக்கிளை எனக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றான் மச்சான். யோசிக்க அவகாசம் கிடைப்பதற்குள் சமையலறையிலிருந்து, "சரின்னுட்டாரு," என்ற குரல் வந்தது. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே நடமாடி அவளுக்கு எத்தனை நாளாயிற்று.

மறுநாள் பாலிசிக்காரர் சைக்கிள் கடைக்குப் போனார். தாழ்வு மனப்பான்மையோடு உள்ளே வரும் நடுத்தர வயதுக்காரர்களை வைத்தே அந்தக் கடைக்காரர் மாடி கட்டியவர். தண்ணீர் பாட்டில் மாட்டும் பழைய கம்பியைக் கழற்றி, கார்பனில் செய்த புதியதைக் காட்டினார். நாற்பது கிராம் எடை குறைவு.

"அந்த நாப்பது கிராமை வயித்துல குறைச்சா ஓசிதானே?" என்று வீட்டில் மனைவி கேட்டாள். அறிவியல் தெரியாதவர்களோடு பேசிப் பயனில்லை என்று பாலிசிக்காரர் புதுக் கம்பியைத் துடைக்கப் போய்விட்டார்.

அடுத்து வந்தது பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூ. கால் வழுக்காது, மிதிப்பதெல்லாம் வேகமாகும் என்றார் கடைக்காரர். கழற்றுவது எப்படி என்று அவர் சொல்ல மறந்தாரா, இவர் கேட்க மறந்தாரா தெரியவில்லை. சிக்னலில் சிவப்பு விளக்கு விழுந்தது. பாலிசிக்காரர் நின்றார். கால் ஊன்ற முடியவில்லை. சைக்கிளும் அவரும் ஒரே பொருளாக, நிதானமாக, இடது பக்கம் சாய்ந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களின் காலடியில் படுத்தார்கள். அப்போதும் ஷூ கழலவில்லை. ஓர் அம்மாள் அவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

விழுந்த இடத்திலிருந்தே அவர் கண்டது வேறொன்று. சிக்னலைத் தாண்டி மஞ்சள் ஹெல்மெட் நின்றிருந்தார். திரும்பி இவர் கிடப்பதைப் பார்த்தார். உதவிக்கு வருவார் என்று நினைத்தார் பாலிசிக்காரர். அந்த மனிதர் முகத்தில் நிம்மதி படர, மெதுவாகக் கிளம்பிப் போய்விட்டார்.

"மனுஷனா அவன்," என்றார் அன்றிரவு, முழங்கையில் மருந்து தடவும்போது.

இனி எடை குறைப்புதான் வழி என்று முடிவாயிற்று. வீட்டில் வெள்ளரிக்காயும் வேகவைத்த பயறும் மட்டுமே என்று உத்தரவு போட்டார். மகள் குழுவாகப் படிக்கப்போகிறேன் என்று தினமும் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துத் தோழி வீட்டுக்குப் போனாள். மனைவி உத்தரவை ஏற்றுக்கொண்டு, அவர் தூங்கிய பிறகு தனக்குச் சமைத்துக்கொண்டாள். அந்த வாசனையில் அவர் விழித்துப் படுத்திருப்பார்.

சைக்கிளின் எடையையும் விடவில்லை. ஸ்டாண்டைக் கழற்றினார், இறங்கிய இடத்திலெல்லாம் அதைச் சாய்க்கச் சுவர் தேட வேண்டியதாயிற்று. மட்கார்டைக் கழற்றினார், மழை பெய்த மறுநாள் முதுகில் சேற்றுக்கோடு விழுந்தது. மணியையும் கழற்றினார். வழிவிடச் சொல்ல வேறு வழியில்லாமல், மஞ்சள் ஹெல்மெட்டை நெருங்கியபோது தொண்டையைப் பயன்படுத்தினார்.

"சார், ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் சார்."

மஞ்சள் ஹெல்மெட் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தார். அப்படி ஒரு மிதியைப் பாலிசிக்காரர் விளையாட்டுச் சேனலில்தான் பார்த்திருக்கிறார்.

விந்தை என்னவென்றால், இவர் வேகம் கூடக்கூட அவர் வேகமும் கூடியது. கம்பத்துக்குக் கம்பம் நின்றவர் இப்போது நிற்பதே இல்லை. கன்னமெல்லாம் ஒட்டி ஆள் பாதியாகியிருந்தார். போதாததற்குப் புது சைக்கிள் வேறு. எங்கே வாங்கினார் என்பது கடைக்குப் போனபோது தெரிந்தது.

"நேத்துதான் சார் வந்தாரு," என்றார் கடைக்காரர். "விலை என்னவா இருந்தாலும் பரவாயில்ல, கடையிலயே வேகமானது எது, அதை எடுங்கன்னாரு. இனிமே விடிகாலையில மேம்பாலத்துல ஓட்டப் போறாராம். கால்வாய்ப் பக்கம் சரிப்படலையாம்."

பாலிசிக்காரருக்குப் புரிந்தது. மேம்பாலம் என்றால் ஏற்றம். தைரியமிருந்தால் அங்கே வா என்று ஆள் அழைப்பு விட்டிருக்கிறான்.

இதற்கிடையில் கிளை மேலாளர் அவரை அறைக்குக் கூப்பிட்டார். மாதம் முடியப்போகிறது, ஒரு பாலிசிகூட வரவில்லை, இருபது வருஷத்தில் இப்படி ஒரு மாதத்தை நான் பார்த்ததில்லை என்றார்.

"ஒரு கையெழுத்து. ஒரே ஒரு ஆள்கிட்ட ஒரு கையெழுத்து வாங்க முடியலையா உங்களால?"

பாலிசிக்காரர் ஆகட்டும் சார் என்றார். அவர் மனம் மேம்பாலத்தின் சரிவு எத்தனை என்று யோசித்துக்கொண்டிருந்தது. மாதக் கடைசிக்குள் முந்தாவிட்டால் சைக்கிள் போய்விடும். சைக்கிள் போனால் அந்தச் சாலை போய்விடும். கையை உயர்த்துகிறவர்கள் போய்விடுவார்கள், தன்னைக் கண்டு நாற்காலி மாறுகிறவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள்.

மாதத்தின் கடைசி நாள் விடிவதற்குள் அவர் மேம்பாலத்தடியில் இருந்தார். அதே பனியன். இப்போது அது கழுத்திலிருந்து தானாகவே இறங்கியது, மகள்கூடக் கவனித்துச் சொன்னாள். சாட்சிக்கு மச்சான் ஸ்கூட்டரில் வந்திருந்தான். பின்சீட்டில் அக்கா. சைக்கிளை உடனே எடுத்துப்போகக் கயிறும் கொண்டுவந்திருந்தார்கள்.

மஞ்சள் ஹெல்மெட் வந்தார். நிம்மதியாக, ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தார். தூணுக்குப் பக்கத்திலிருந்து பாலிசிக்காரர் வெளியே வந்ததும் பாட்டு நின்றது.

"நீங்களா," என்று மட்டும் சொன்னார். பிறகு மேம்பாலத்தில் ஏறினார்.

பாலிசிக்காரர் பின்னாலேயே ஏறினார். பாதி ஏற்றத்தில் தொடை எரிந்தது. முக்கால் ஏற்றத்தில் தொடை இருக்கிறதா என்றே தெரியவில்லை. மஞ்சள் ஹெல்மெட் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இடைவெளி ஒரு லாரி நீளமாயிற்று, பிறகு ஒரு கார் நீளமாயிற்று. ஸ்கூட்டரில் மச்சான் வாயைப் பிளந்தபடி வந்தான். "இன்னும் கொஞ்சம்தாங்க, மிதிங்க," என்று கத்தியது யார் என்று பார்த்தால், மனைவி. கையில் இருந்த கயிற்றைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

உச்சியில் பாலிசிக்காரர் மஞ்சள் ஹெல்மெட்டை முந்தினார்.

மூச்சு திரும்பி வர நேரமாயிற்று. திரும்பிப் பார்த்தார். மஞ்சள் ஹெல்மெட் சைக்கிளை நிறுத்தி, ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்திருந்தார். பாலிசிக்காரருக்குக் கோபமெல்லாம் எங்கோ போயிருந்தது. இந்த மனிதர் மட்டும் இல்லையென்றால் என்றைக்கோ சைக்கிளை மூலையில் போட்டிருப்போம் என்று தோன்றியது. வயிறு குறைந்தது இவரால். மறுபடி ஆளானது இவரால். இவ்வளவு காலமும் தன்னை ஒரு பொருட்டாக மதித்துப் போட்டி போட்ட ஒரே ஆள் இவர்தான். கண் கலங்கியது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து, கட்டிப்பிடித்துக்கொள்ள இரண்டு கைகளையும் விரித்தார்.

மஞ்சள் ஹெல்மெட் தலையைத் தூக்கினார். இவர் முகத்தைப் பார்த்தார், பனியனைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"போனைக் கட் பண்ணினா சைக்கிள்ல துரத்திட்டு வருவீங்கன்னு நான் நினைக்கல சார். இனிமே ஓட முடியாது. குடுங்க, எங்க கையெழுத்துப் போடணும்?"