ஒரு 'வேண்டாம்' போதும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. ஆனால் 'வேண்டாம்' என்று சொன்னவரின் தட்டில் எதையும் வைக்காமல் நகர்ந்துபோகும் உன்னதக் கலையைக் கண்டுபிடித்த பெருமை, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரத்தில் லீட்ஸ் ரோட்டில் நிற்கும் 'மலேர்-லாயல்' உணவகத்துக்கே உரியது. அந்தக் கலையின் முதல் பயனாளிகளில் ஒருத்தி தஸ்னீம். பாக்கியசாலி. ஐம்பதாவது பிறந்தநாளன்று அரைவயிற்றோடு அங்கே உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

கடையின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கடையை நடத்தும் சுக்ரா ஆன்ட்டி இந்தியாவின் மலேர்கோட்லாக்காரி. அவள் கணவர் பஷீர் பாகிஸ்தானின் லாயல்பூர்க்காரர். யார் ஊர் முதலில் வருவது என்ற பேச்சுவார்த்தை முறிந்ததால், பலகையின் ஒரு பக்கத்தில் 'மலேர்-லாயல்', மறுபக்கத்தில் 'லாயல்-மலேர்'. பேருந்து எந்தத் திசையிலிருந்து வருகிறதோ, அந்த நாடு வென்றதாகக் கணக்கு.

தஸ்னீம் நகராட்சியில் குப்பைத்தொட்டிப் பிரிவில் வேலை பார்த்தாள். பச்சைத் தொட்டியில் எதைப் போடுவது, சாம்பல் தொட்டியில் எதைப் போடுவது என்று மக்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் பொறுப்பு. அன்று காலை அலுவலகத் தோழிகள், "பிறந்தநாளாமே, கேக் வெட்டலாமா?" என்று கேட்டார்கள். "ஐயோ, அதெல்லாம் எதுக்கு?" என்றாள். அவர்கள் நல்லவர்கள், உடனே விட்டுவிட்டார்கள். மதியம் க்ளாஸ்கோவில் படிக்கும் மகள் போனில், "அம்மி, நான் கிளம்பி வரட்டுமா?" என்றாள். "படிப்பை விட்டுட்டு எதுக்குடி அலையறே?" என்றாள் தஸ்னீம். மகளும் நல்லவள். வரவில்லை.

இப்படி நாள் முழுக்க நல்லவர்களால் சூழப்பட்டு, சாயங்காலம் மழையில் நனைந்துகொண்டு, அவள் மலேர்-லாயலுக்கு வந்து சேர்ந்தாள். வந்ததற்குப் பசி மட்டும் காரணமில்லை. அவளுக்குள் ஒரு இடம் காலையிலிருந்து கையை நீட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கையை யாராவது பிடித்து இழுக்க வேண்டும். தானாக நடந்து போவது மரியாதையில்லை. அப்படித்தான் அவளை வளர்த்திருந்தார்கள்: ஒருவர் கொடுத்தால் முதல் தடவை மறுக்க வேண்டும். இரண்டாம் தடவை தயங்க வேண்டும். மூன்றாம் தடவை, 'சரி, உங்களுக்காக' என்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

சுக்ரா ஆன்ட்டி இந்த விளையாட்டில் ராணி. நிஹாரி என்னும் இறைச்சிக் குழம்புச் சட்டியோடு மேசைக்கு மேசை வருவாள். "இன்னும் ஒரு கரண்டி?" "போதும் ஆன்ட்டி." "நோஞ்சான் மாதிரி இருக்கே, பிடி." "நிஜமாவே போதும் ஆன்ட்டி." "என் முகத்தைப் பாத்துச் சொல்லு." அந்த மூன்றாவது வற்புறுத்தலில்தான் நல்லி எலும்பு வரும். விலைப்பட்டியலில் நல்லி கிடையாது. காசு கொடுத்துக் கேட்டவர்களுக்கு, "தீந்துபோச்சு" என்பாள். இரண்டு முறை மறுத்தவர்களுக்கு மட்டுமே அது கிடைக்கும்.

தஸ்னீம் உட்கார்ந்தாள். வழக்கம்போலக் கேட்காமலே மூன்று சப்பாத்தி வந்தது. ஒரு கிண்ணம் நிஹாரியும் வந்தது. கரண்டியோடு ஆன்ட்டிதான் வரவில்லை. மேசையில் ஒரு தொடுதிரை இருந்தது. சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம்:

'உங்கள் மறுப்பை மதிக்கிறோம். ஒரு "வேண்டாம்" போதும்.'

கிண்ணம் காலியானதும் திரை ஒளிர்ந்து, 'இன்னும் ஒரு கரண்டி?' என்று கேட்டது.

தஸ்னீமின் விரல் யோசிக்கவே இல்லை. ஐம்பது வருட வளர்ப்பு அது. 'வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டு, வெட்கப்பட்டுச் சிரித்தபடி திரையைப் பார்த்தாள். அடுத்ததாக அது 'நோஞ்சான்' என்று திட்டும் என்ற நம்பிக்கை.

'நன்றி' என்றது திரை. பச்சை நிறத்தில் ஒரு சரி போட்டுவிட்டு அணைந்துபோனது.

"உமைர்!" என்று கூப்பிட்டாள். ஆன்ட்டியின் மகன். மான்செஸ்டரில் 'உபசரிப்பு மேலாண்மை' படித்துப் பட்டம் வாங்கியவன். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓடிவந்தான்.

"சொல்லுங்க ஆன்ட்டி. அனுபவம் எப்படி இருக்கு?"

"என்ன அனுபவம்? நிஹாரி சாப்பிட வந்தேன்."

"அதைத்தான் ஆன்ட்டி நாங்க இப்போ அனுபவம்னு சொல்றோம்."

"உங்க அம்மா எங்கே?"

உமைரின் முகம் தீவிரமானது. "ஒரு 'சம்பவம்' நடந்துபோச்சு ஆன்ட்டி. ஒரு வெள்ளைக்காரர் குலாப்ஜாமூன் வேண்டாம்னு தெளிவாச் சொல்லியிருக்கார். அம்மி ரெண்டை அவர் வாயிலயே ஊட்டிவிட்டிருக்காங்க. இணையத்துல ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு எழுதிட்டார்."

"அவர் சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டார். மூணாவதும் கேட்டாராம். ஆனா கொள்கைன்னு ஒண்ணு இருக்கில்லையா?"

அதன்பின் நடந்த 'பரிமாறல் சீர்திருத்தக் கூட்டம்' வரலாற்றுச் சிறப்பு மிக்கது. அப்பா, அம்மா, மகன் மூவரும் கலந்துகொண்டார்கள். மகன் மட்டும் பேசினான். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பஷீர் அங்கிளுக்குக் காது கேட்காது, 'ஓய்வெடுத்துக்கறீங்களா?' என்ற கேள்வி அவரை எட்டாததால், இன்றுவரை ரொட்டி அடுப்பின் முன் வேலையில் நீடிக்கிறார்.

"வற்புறுத்தல் வேணும்னா அதுக்கும் வழி வெச்சிருக்கோம் ஆன்ட்டி" என்றான் உமைர். "தனிச் சேவை, தனிக் கட்டணம். அம்மியோட சொந்தக் குரல், ஸ்டுடியோவுல பதிவு பண்ணது. 'சாப்பிடு மகளே, என்மேல சத்தியம்'னு சொல்லும். அழுகையோட வேணும்னா அதுவும் இருக்கு."

அவன் திரையைத் தட்டினான். அது கேட்டது: 'உங்களை வற்புறுத்தலாமா?'

தஸ்னீம் அந்தக் கேள்வியைப் பார்த்தாள். ஆமாம் என்று அவளுக்குள் ஒரு குரல் கத்தியது. காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த அதே குரல். 'ஆமாம், வற்புறுத்து. என்னைத் திட்டு. தட்டை மூடும் என் கையைத் தள்ளிவிட்டு ஊற்று.' ஆனால் நல்ல வீட்டில் பிறந்த எந்தப் பெண், 'என்னை வற்புறுத்துங்கள்' என்று வாய்விட்டுக் கேட்பாள்?

"ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்று சொல்லி, 'வேண்டாம்' என்பதைத் தொட்டாள்.

பச்சைச் சரி. உமைர் திருப்தியோடு நகர்ந்தான். புதிய முறை எவ்வளவு துல்லியமாக வேலை செய்கிறது!

தஸ்னீம் கல்லாப் பக்கம் திரும்பினாள். சுக்ரா ஆன்ட்டி அங்கேதான் இருந்தாள். தன்னுடைய பெரிய வண்ணப் படத்துக்குக் கீழே, மெத்தை வைத்த நாற்காலியில். படத்தில் கரண்டியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். நாற்காலியில் கரண்டியும் இல்லை, சிரிப்பும் இல்லை. துப்பட்டாவில் ஒரு அட்டை குத்தியிருந்தது: 'பாரம்பரிய இயக்குநர்'.

தஸ்னீம் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"என்ன ஆன்ட்டி, பெரிய பதவி?"

"ஆமா. பொம்மை மாதிரி உக்காந்திருக்கற பதவி."

"நீங்க எப்படி ஒத்துக்கிட்டீங்க?"

ஆன்ட்டி குரலைத் தாழ்த்தினாள். "புள்ளை கேட்டான். 'அம்மி, சமையலறையை விட்டுடறீங்களா, நாங்க பாத்துக்கட்டுமா?'ன்னான். நானும், 'ஆமாம்பா, எனக்கெதுக்கு இதெல்லாம், நீங்களே பாத்துக்கங்க'ன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவன் பாத்துக்கிட்டான்."

தஸ்னீமுக்கு ஆன்ட்டியைப் பார்க்கத் தன்னையே பார்ப்பது போலிருந்தது. நீட்டிய கையோடு உள்ளே ஒருத்தி. அவள் வாசலில் 'எனக்கெதுக்கு' என்ற பலகை. பலகையைப் படித்துவிட்டு உலகம் மரியாதையாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

"சாப்பிட்டீங்களா ஆன்ட்டி?"

"ஆச்சு ஆச்சு. உமைர் கேட்டான். பசியில்லைன்னேன்."

தஸ்னீம் தோளிலிருந்த பையை இறக்கிவைத்தாள்.

"எழுந்திருங்க. உள்ள போய் ஒரு சட்டி இறக்குங்க."

"எனக்கெதுக்கு மகளே? வயசாச்சு."

"இவன் ஆளுங்க வெக்கற நிஹாரியில இஞ்சி தோலோட கிடக்கு. வந்து பாருங்க."

ஆன்ட்டியின் கண் ஒரு கணம் துடித்தது. "தோலோடவா? இருக்கட்டும். என் முழங்கால் வேற..."

"இன்னிக்கு எனக்குப் பிறந்தநாள். காலையிலேர்ந்து ஒருத்திகூட என்னைத் திட்டல. என்மேல சத்தியம், எழுந்திருங்க."

மூன்று. சுக்ரா ஆன்ட்டி எழுந்தாள். எழுந்த வேகத்தில் முழங்கால் வலி நாற்காலியிலேயே தங்கிவிட்டது. உமைர் பதறி ஓடிவந்து சமையலறை வாசலை மறித்தான்.

"அம்மி! நீங்கதானே வேண்டாம்னு சொன்னீங்க?"

"ஒரு தடவைதானேடா சொன்னேன்!"

அந்த வாக்கியத்தைக் கேட்டு மேசைகளில் இருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்போதுதான் தஸ்னீமுக்குப் புரிந்தது: ஒருவர் கிண்ணத்திலும் ஒன்றுமில்லை. அத்தனை பேரும் ஒரு தடவை மறுத்துவிட்டு, ஒளிராத திரைகளின் முன்னால் புன்னகையோடு காத்திருந்தார்கள்.

சிறிது நேரத்தில் சட்டி வெளியே வந்தது. "போதும் ஆன்ட்டி." "வாயை மூடு." "நிஜமாவே போதும்." "எலும்பும் தோலுமா நின்னுக்கிட்டுப் பேச்சைப் பாரு." "சரி, உங்களுக்காக." நல்லி கிண்ணத்தில் விழுந்தது. தஸ்னீம் அதைத் தட்டில் தட்டி, உறிஞ்சி, கண்ணை மூடிக்கொண்டாள். எதிரே ஆன்ட்டியை உட்காரவைத்து, மூன்று முறை கெஞ்சி, ஒரு சப்பாத்தி ஊட்டியும் விட்டாள். அறை முழுக்க மறுப்புச் சத்தம். யாருடைய மறுப்பையும் யாரும் மதிக்கவில்லை. முழுக் காட்டுமிராண்டித்தனம்.

கிளம்பும்போது தஸ்னீம் கல்லாவில் பர்ஸைத் திறந்தாள்.

"ஏய், உள்ள வை! உன்கிட்ட காசு வாங்குவேனா? பிறந்தநாள் அதுவுமா!" என்றாள் சுக்ரா ஆன்ட்டி. இருபது வருடமாகச் சொல்லும் வசனம். இருபது வருடமாகத் தஸ்னீமும் இழுபறி நடத்தி, ஆன்ட்டியின் கையில் பணத்தைத் திணித்துவிட்டுத்தான் போவாள்.

இன்று அவள் சுவரைப் பார்த்தாள். வாசகத்தை ஒருமுறை நிதானமாகப் படித்தாள். பிறகு பர்ஸை மூடி, பைக்குள் வைத்தாள்.

"சரி ஆன்ட்டி. உங்க மறுப்பை மதிக்கிறேன்."

சுக்ரா ஆன்ட்டி திகைத்து, பிறகு துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பில் தோள்கள் குலுங்கின. உமைர்தான் வெளிறிப்போனான்.

"ஆன்ட்டி, அம்மி சும்மா ஒரு மரியாதைக்குச் சொன்னாங்க!"

"அப்படியா? உனக்கு அது எப்படிடா தெரிஞ்சுது?"

இத்தனை நாட்களில் வாடிக்கையாளர் வயிற்றிலிருந்து வந்த மறுப்பையும், பெற்றவள் வாயிலிருந்து வந்த மறுப்பையும் எழுத்துப் பிசகாமல் மதித்த அந்தப் பட்டதாரிக்கு, தன் கல்லாவுக்கு எதிராக வந்த மறுப்பு மட்டும் வெறும் மரியாதை என்று பட்டென விளங்கிவிட்டது.

தஸ்னீம் கதவைத் திறந்தாள். மழை விட்டிருந்தது.

"ஆன்ட்டி!" என்று கூப்பிட்டான் உமைர்.

அவள் வாசலில் நின்றாள். பணத்தை எடுத்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டாள். ஆனால் திரும்பவில்லை. இன்னும் இரண்டு தடவை கூப்பிடட்டும்.