பழம்பஞ்சுரத்தில் ஒரு சீமைப்பாட்டு

இரண்டாம் உலகப் போரை வென்றது பீரங்கியும் விமானமும் அல்ல, நடனந்தான் என்று மனமார நம்பிய ஒரே மனிதர் புதுவயலில் அரிசி மில் வைத்திருக்கும் சீமைப்படத்தார். பெயர் ஊர் இட்டது. போர் நடந்துகொண்டிருந்த நாளிலேயே அமெரிக்காவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் பாட்டுப் படம் ஒன்றை மகள் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். அன்று முதல் மில் ஆபீஸ் டி.வி.யில் வேறெதுவும் ஓடியதில்லை.

திண்டாட்டமெல்லாம் லாரிக்காரர்களுக்கு. மூட்டை ஏற்றியான பின்னும், ஒரு நடனமாவது பார்த்தால்தான் கேட் திறக்கும்.

"மொதலாளி, கண்டரமாணிக்கத்துல கடைக்காரரு காத்துக்கிட்டு இருக்காரு. விடுங்க."

"இருப்பா. நாளைக்குச் சண்டைக்குப் போறவனே அங்குட்டுச் சிரிச்சுக்கிட்டு ஆடுறான். நீ அரிசி எறக்கப் போறதுக்கு மூஞ்சிய இப்புடி வச்சிருக்க!"

படத்தின் சாரம் அவ்வளவுதான் என்பார். நாளை உண்டா என்று அறியாதவர்கள் இன்றைய பொழுதை ஆடியே நிரப்புகிறார்கள். சிப்பாய்கள் வரிசையாகத் தொப்பியைச் சுழற்றும் இடம் வந்தால், தீபாராதனை கண்டவர்போல எழுந்து நின்றுவிடுவார்.

குறை ஒன்றுதான். அப்படத்தின் பாட்டு ஒன்றையும் அவர் கேட்டதில்லை. உமி நீக்கும் எந்திரங்களின் இரைச்சலில், எதிரில் நிற்பவர் பேச்சையே உதட்டைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். பாட்டுக்காகவே எடுத்த படத்தைப் பாட்டில்லாமலே இத்தனை காலம் ரசித்தவர் ஈரேழு உலகிலும் வேறொருவர் இருக்க இயலாது. வீட்டிலோ டி.வி. மனைவியின் ஆட்சியில். காதில் செருகும் கருவியைக் கொடுத்தால், "ஈ பூந்த மாதிரி இருக்கு" என்று பிடுங்கி எறிந்துவிட்டார்.

நான் கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார். ஒரு கார்த்திகையன்று குன்றக்குடி மலையில் பதிகம் பாடி முடித்து இறங்கினேன். அடிவாரத்தில் மனைவியுடன் நின்றிருந்தார். முகத்தில் வழக்கமான குறும்பு இல்லை.

"ஐயா, எடது காது போயிருச்சு. வலதும் போய்க்கிட்டே இருக்காம், டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குள்ள நம்ம படத்துல வர்ற ரயிலடிப் பாட்டு ஒண்ண மட்டும் கேட்டுறணும். பக்கத்துல நீங்க இருங்க. எனக்கு விட்டுப்போறத நீங்க கேட்டுச் சொல்லுங்க."

நான் தயங்கினேன். சிவனையும் முருகனையும் பாடிய பாட்டன்றி வேறொன்றுக்குச் செவி கொடேன் என்று ஒரு வீறாப்பு எனக்கு உண்டு. அவர் மனைவிதான் குறுக்கே புகுந்தார்.

"செவிடாப் போறதுக்குள்ள எம் பேச்ச ஒரு நாளாச்சும் கேப்போம்னு இவுகளுக்குத் தோணல பாத்தீகளாண்ணே? வெள்ளக்காரி பாட்டக் கேக்கணுமாம்!" என்றவர், குரலைத் தாழ்த்தி, "போயிட்டு வாங்கண்ணே. இவுகளுக்கு இதே நெனப்புத்தான். சோறு எறங்க மாட்டேங்குது" என்றார்.

அதற்குமேல் என் வீறாப்பு நிற்கவில்லை. மறுநாளே போனேன். அறுவடைக் காலம்; வாசலில் நெல் லாரிகள் வரிசை கட்டி நின்றன. சீமைப்படத்தார் எந்திரங்களை நிறுத்தச் சொன்னார். வேலையாட்கள் பதறி ஓடி வந்தார்கள்.

"யாருக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலப்பா. மொதலாளி பாட்டுக் கேக்கப் போறாராம்."

அப்படியொரு அமைதியை அந்த மில் கண்டிராது. தவிட்டுத் தூசி வெயிலில் பொன்னாக மிதந்தது. நெல் அவியும் மணத்துக்கு நடுவில், திரையில் ஒரு ரயிலடி விரிந்தது. புகை. சன்னலோரம் ஒரு சிப்பாய். கீழே நின்று அண்ணாந்து பாடத் தொடங்கினாள் ஒருத்தி.

சொல் ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் பிரியப்போகிறவனை நோக்கி உருகும் குரல், இறைவனையே தலைவனாக வரித்துப் பாடும் நம் அடியார் மரபில் ஊறியவனுக்குப் புதிதா? சுரங்கள் சென்ற வழியைக் காது தானே பற்றிக்கொண்டது. பழம்பஞ்சுரப் பண்! இன்றைய கச்சேரிக்காரர்கள் சங்கராபரணம் என்பார்கள். கடல் கடந்து எவளோ ஒருத்தி நம் பண்ணில் நிற்கிறாள்.

திரும்பிப் பார்த்தேன். சீமைப்படத்தார் வலது காதை ஸ்பீக்கரில் ஒட்டவைத்திருந்தார். முகம் மெல்ல வாடியது.

"சத்தம் வருதுய்யா. பாட்டு வரல" என்றார். "எப்புடிய்யா பாடுறா?"

அருகில் சென்று, அந்தக் காதருகே கை குவித்து, சொல்லில்லாமல் மெட்டை மட்டும் பாடினேன், பதிகத்தைப் போல நிறுத்தி நிதானமாக. அவர் கண்ணை மூடிக்கொண்டார். விரல்கள் அரிசி மூட்டைமேல் தாளம் தேடிக் கண்டுபிடித்தன. கண்டரமாணிக்கத்து லாரிக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி நின்றார்.

நான் முடிப்பதற்குள் திரையில் ரயில் போய்விட்டது. புகையும் கலைந்து, அவள் வேறெங்கோ நடந்துகொண்டிருந்தாள்.

"ரயிலு கெளம்பிருச்சாய்யா?" என்று மூடிய கண்ணோடு கேட்டார் சீமைப்படத்தார்.

"இல்ல. இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கு" என்று அந்தக் காதில் சொல்லிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து எடுத்தேன்.