சீர்வரிசையில் ஒரு பேஸ் கிடார்

தெரியாத விஷயத்துக்குத் தெரிந்ததுபோல் தலையாட்டுவதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். பி.காம். போதும். நான் பி.காம். முடித்துவிட்டு அரூரில் அப்பாவின் புளி மண்டியில் உட்கார்ந்திருந்த காலம் அது. வருகிறவர்கள் எதைப் பற்றிப் பேசினாலும், ராக்கெட்டாக இருந்தாலும் சரி, மாட்டுக்கு வரும் கோமாரியாக இருந்தாலும் சரி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு 'ஆமாமாம்' என்று தலையை ஆட்டுவேன். பையனைப் படிக்க வைத்தது வீண் போகவில்லை என்று அப்பா பூரித்துப்போவார். அந்தத் தலையாட்டல் என் சின்னக்கா வசந்தாவின் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தது.

அப்பாவின் மனநிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியக்கா கல்யாணத்தில் நாங்கள் கொடுத்த குத்துவிளக்கில் மரை சரியாக உட்காரவில்லை. மேல்பாகம் லேசாக ஆடும். அவ்வளவுதான் குற்றம். ஆனால் கார்த்திகை வந்தால் போதும், பெரியக்காவின் மாமியார் வீட்டில் யாராவது ஒருவர், 'பாத்து ஏத்துங்க, அரூர்க்காரங்க குடுத்த வெளக்கு' என்பார். அதைக் கேட்டுவிட்டு வரும் நாளில் அப்பா சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிடுவார். அவருக்கு அது உண்மையிலேயே வலித்தது. சின்னக்கா கல்யாணத்தில் ஒரு கரண்டியைக்கூட யாரும் குறை சொல்லக் கூடாது என்பது அவருடைய வைராக்கியம்.

அதனால் அண்டா முதல் ஆழாக்கு வரை எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து வாங்கினார். எல்லாவற்றிலும் பெயர் வெட்டினார். எங்கள் பக்கத்தில் சீர்ப் பாத்திரம் என்றால் அதில் கொடுத்தவர் பெயர் இருக்க வேண்டும். யார் பெயர் இருக்கிறதோ அவர் கொடுத்தது. இதில் சந்தேகம், விவாதம் எதற்கும் இடமில்லை. எங்கள் வீட்டு டீ வடிகட்டியின் கைப்பிடியில்கூட 'அரூர் மாணிக்கம்' என்று அப்பா பெயரை வெட்டி வாங்கி வந்தார். (அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.)

மாப்பிள்ளை குணசேகரனுக்குக் கடத்தூர். அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். சனி, ஞாயிறில் ஓர் இன்னிசைக் குழுவில், அடிக்குரலில் ஒலிக்கும் பேஸ் கிடார் வாசிப்பார். அவரிடம் சொந்தமாக வாத்தியம் கிடையாது. குழுக்காரர் ஒரு சாதாரண கிடாரில் தடித்த கம்பிகளை மாட்டிக் கொடுத்திருந்தார், அதை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். மிகவும் கூச்ச சுபாவம். எங்களிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. அப்பாதான் விடவில்லை.

"மாப்ளைக்குன்னு ஒண்ணு செய்யணுமில்லீங்களா? ஸ்கூட்டர் சொல்லட்டுங்களா?"

"அதெல்லாம் வேணாங்க மாமா."

"கைக்கடிகாரம்?"

"இருக்குதுங்க."

"அப்புறம் என்னதாங்க வேணும்?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஒரு பேஸ் கிடாருங்க" என்றார். சொன்ன உடனே, சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவர் முகம் சிவந்தது.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தலையாட்டினேன். பெங்களூருக்குப் போய் வாங்கி வரும் பொறுப்பு அந்த நிமிஷமே என் தலையில் விழுந்தது. மாப்பிள்ளையைக் கூட்டிப்போக முடியாது. அவரே கடைக்கு வந்து பொறுக்கினால், கேட்டு வாங்கினார் என்று ஊர் பேசும். கிளம்பும் முன் அவர் என்னைத் தனியாக அழைத்து, "சாதாரணமா இருந்தா போதும் மாப்ள. நாலு கம்பி, சத்தம் சுத்தமா இருக்கணும்" என்றார். சாதாரணமா? அக்காவுக்குச் சாதாரணமாகச் செய்யவா நான் பிறந்தேன்?

பெங்களூர்க் கடையில் இரண்டு பேஸ் கிடார்கள் இருந்தன. ஒன்று பழுப்பு நிறம், உள்ளூரில் செய்தது. அடக்கமாக ஒரு மூலையில் சாய்ந்திருந்தது. மற்றது கண்ணாடி அலமாரிக்குள் தொங்கியது. கருஞ்சிவப்பு. ஓரம் போகப் போகக் கறுப்பு. கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதியில், சின்னச் சின்ன வளைவுகளோடு தங்க நிறத்தில் ஏதோ கிறுக்கியிருந்தது.

"அது சிக்னேச்சர் மாடல் சார்" என்றார் கடைக்காரர். "சிங்கப்பூர்லருந்து ஒருத்தர் கொண்டாந்து குடுத்தது. அந்த வாத்தியக்காரர் சொன்ன அளவுல, சொன்ன மரத்துல செஞ்சு, அவர் கையெழுத்தையே போட்டு விக்கிறாங்க. அவரைத் தெரியுமில்ல உங்களுக்கு?" என்று ஒரு நீளமான இங்கிலீஷ் பெயரைச் சொன்னார்.

நான் தலையாட்டினேன். "அவரைத் தெரியாமலா!"

கடைக்காரர் இரண்டையும் வாசித்துக் காட்டினார். பழுப்பு நிறத்தை மீட்டியபோது 'தும்' என்றது. சிவப்பை மீட்டியபோதும் 'தும்' என்றது. வித்தியாசம் எனக்குச் சுத்தமாக விளங்கவில்லை. ஆனால் ஒன்றில் வெள்ளைக்காரர் கையெழுத்து இருக்கிறது, மற்றதில் இல்லை. பி.காம். படித்தவனுக்கு இது போதாதா? அப்பா கொடுத்தனுப்பியது போதாமல், என் சங்கிலியையும் கழற்றி விற்றுச் சிவப்பை வாங்கினேன். வெளிநாட்டுச் சரக்கு என்பதால் ரசீது தரவில்லை. ரசீது எதற்கு, கையெழுத்தே இருக்கிறதே என்று நினைத்தேன்.

பஸ் ஓசூர் தாண்டும்போது அந்த வாத்தியக்காரர் பெயரில் பாதி மறந்துவிட்டது. மீதிப் பாதி கிருஷ்ணகிரியில் இறங்கிக்கொண்டது.

கல்யாணத்துக்கு முதல் நாள் பிற்பகல், கடத்தூர் மண்டபத்தில் சீரை இறக்கினோம். பாய் விரித்து, பாத்திரங்களை வரிசையாக அடுக்கி, நடுவில் ஒரு நாற்காலியில் கிடாரைச் சாத்தி மாலை போட்டோம். (மாலை என் யோசனை.) மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். அவர் உதடுகள் அசைந்தன. வேண்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு ஓர் அத்தை. ஊத்தங்கரையிலிருந்து வந்திருந்தார். அவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் அந்த வீட்டில் எந்தச் சீரும் உள்ளே போகாது. அண்டாவைப் பார்த்தார், பெயரைப் படித்தார், நகர்ந்தார். குடத்தைப் பார்த்தார், படித்தார், நகர்ந்தார். வடிகட்டியைப் பார்த்துவிட்டு, "இதுலயுமா!" என்று பாராட்டினார். அப்பா முகத்தில் முதல் முறையாக வெளிச்சம் வந்தது. பிறகு அத்தை கிடாருக்கு வந்தார். குனிந்தார். நிமிரவே இல்லை.

"இதென்னங்க, இதுல வேற ஆரோ பேரு போட்டிருக்குது?"

நான் முன்னால் வந்தேன். "அது பெரிய வாத்தியக்காரர் கையெழுத்துங்க அத்தை. வெள்ளைக்காரர்."

"அவரு வாசிச்சதா? அப்ப செகண்ட் ஹேண்டா?"

"இல்லீங்க. அவரு இதைத் தொட்டதே இல்லீங்க."

"தொடாதவரு எதுக்குங்க கையெழுத்துப் போடுறாரு?"

நான் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, 'ஆமாமாம்' என்று தலையாட்டினேன்.

"எவரோ அவங்களுக்குக் குடுத்ததைத் தூக்கி நம்ம பையனுக்குக் குடுக்குறாங்களாட்டம் இருக்குது" என்று அத்தை பொதுவில் ஒரு வார்த்தை விட்டார். அது மண்டபம் முழுக்கப் போய் வந்தது. அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் பின்னால் போனார்.

"அந்தப் பேர அழிச்சிருடா."

"அப்பா, அந்தப் பேருக்குத்தாம்பா அவ்வளவும் குடுத்தேன்."

"அழிச்சிருடா சாமி."

பந்தல்காரரிடம் உப்புத்தாள் வாங்கி, விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தேன். தங்க எழுத்துகள் தூளாகி என் புது வேட்டியில் விழுந்தன. வார்னிஷும் சேர்ந்து போய் வெள்ளை மரம் தெரிந்தது. என் சங்கிலியைத்தான் தேய்க்கிறேன் என்று தோன்றியது. அழுதேன். அடுப்புப் புகை என்று சமையல்காரரிடம் சொன்னேன்.

கிடாரைத் திரும்பக் கொண்டுபோய் நாற்காலியில் வைத்தோம். அத்தை மறுபடி குனிந்தார். இந்த முறை உடனே நிமிர்ந்துவிட்டார்.

"அய்யய்யோ, பேரைச் சுரண்டியிருக்குது!"

அப்போதுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. வேறொருவர் பெயர் இருந்தால் அது அவருடைய பொருள். பெயரைச் சுரண்டியிருந்தால் அது திருட்டுப் பொருள். பெயர் சுரண்டிய பாத்திரத்தை எங்கள் ஊரில் எந்தப் பாத்திரக்காரரும் கையால் தொடமாட்டார். இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்த ஒரே விஷயத்தையும் அன்றைக்கு மறந்திருந்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனிதர். மெதுவாகத்தான் கேட்டார். "தப்பா நெனைக்காதீங்க. கடை ரசீது இருந்தாக் காட்டிருங்க, பேச்சு முடிஞ்சிரும்."

இல்லாத ரசீதை நான் சட்டைப் பையில் தேடினேன்.

மணமகள் அறைக் கதவு திறந்தது. தலையில் பாதிப் பூ வைத்த கோலத்தில் வசந்தாக்கா நின்றாள். "டேய் தனபாலு, என்னத்தடா வாங்கிட்டு வந்தே?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பயந்துபோய்க் கேட்டாள். இந்தக் கல்யாணம் நின்றால் அது என்னால்தான்.

அப்பா கிடாரின் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். கிடாரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தோளில் சாய்த்துக்கொண்டு மண்டபத்தை விட்டு இறங்கி, சாலையைக் கடந்து, எதிரே இருந்த பாத்திரக்கடைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"இதுல பேரு வெட்டணுங்க."

கடைக்காரர் கிடாரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "மரத்துல மிஷின் நிக்காதுங்க. எவர்சில்வர்னா ஓடும்."

"அப்ப எவர்சில்வர் வச்சு வெட்டுங்க."

அவர் ஒரு டப்பா மூடியை நீளவாக்கில் வெட்டி, ஓரத்தை ராவி, அதில் பெயரை வெட்டினார். அப்பா சொன்னதில் 'அரூர் மாணிக்கம்' என்பதோடு இடம் முடிந்துவிட்டது. "புளி மண்டி போட எடமில்லீங்களே" என்று வருத்தப்பட்டார். பரவாயில்லை என்றார் அப்பா. நான் சுரண்டிய இடத்தை மூடி, நான்கு மூலையிலும் திருகாணி போட்டு முடுக்கினார்கள். ஒவ்வொரு திருகாணிக்கும் எனக்குப் பல் கூசியது.

அத்தை மூன்றாம் முறை குனிந்தார். எழுத்துகளின் மேல் விரலை வைத்து, சத்தமாகப் படித்தார். "அரூர் மாணிக்கம்." பிறகு நிமிர்ந்து, "ம். இப்ப இது பொண்ணு வூட்டுப் பொருளு. உள்ள எடுத்து வைங்க" என்றார்.

அப்பா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இத்தனைக்கும் நடுவில் மாப்பிள்ளை முடிதிருத்தும் கடையில் இருந்திருக்கிறார். வாசனையாக வந்தவர் கிடாரைக் கையில் எடுத்து, உடம்பைத் தடவினார், கம்பியைத் தடவினார், தலைக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"இதுக்கடியில என்ன இருந்துச்சு மாப்ள?"

"கையெழுத்துங்க மாமா. சிக்னேச்சர் மாடலுங்க."

அவர் கண்கள் விரிந்தன. வாழ்நாளில் தொடுவோம் என்று நினைத்திராத ஒன்று கைக்கு வந்திருக்கிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. "யாரோடது?" என்றார், மூச்சை அடக்கிக்கொண்டு.

தலையாட்டிப் பார்த்தேன். அந்தக் கேள்விக்குத் தலையாட்டல் செல்லவில்லை.

"தெரியலீங்க மாமா."

அவர் தகட்டின் திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அழப்போகிறாரா, அடிக்கப்போகிறாரா என்று தெரியவில்லை. கடைசியில், "சரி, டியூன் பண்ணுவோம்" என்றார். அன்று மாலை வரவேற்பில் மாப்பிள்ளை கோட்டோடு ஒரு பாட்டுக்கு வாசித்தார். குழல் ஒலிபெருக்கியில் பேஸின் அடிக்குரல் ஒரு துளிகூடக் கேட்கவில்லை. தனக்கு நன்றாகக் கேட்டது என்றார் அப்பா.

தகட்டின் கனத்தால் அந்தக் கிடாரின் தலை எப்போதும் கீழே சாயும். குணசேகரன் மாமா இடது கையால் தூக்கிப் பிடித்தபடியே வாசிக்கப் பழகினார். தகட்டைக் கழற்றிவிடலாம் என்று குழுவில் எத்தனையோ பேர் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை.

சில வருஷம் கழித்துத் தருமபுரியில் ஒரு கச்சேரி. அப்பா வெள்ளைச் சட்டை போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு கீபோர்டு கலைஞர், இடைவேளையில் மாமாவின் கிடாரைப் பார்த்தார். தகட்டைப் படித்தார். தமிழ் தெரிந்தவர்.

"சிக்னேச்சர் மாடலா? தமிழ்ல இப்பத்தான் பாக்குறேன். மாணிக்கம் சார் எந்தக் குழுவுல வாசிக்கிறாரு?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். மாமா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு, "அவரு என் மாமனாருங்க. அதோ உக்காந்திருக்காரு. இப்ப வாசிக்கிறதில்லீங்க" என்றார்.

அந்தக் கலைஞர் மேடையிலிருந்தே அப்பாவைப் பார்த்துக் கைகூப்பிக் குனிந்தார். புளி வாங்க வந்தவர் போலிருக்கிறது என்று நினைத்து அப்பாவும் எழுந்து கும்பிட்டார்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் மாமா விஷயத்தைச் சொன்னார். நானும் அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர், மொரப்பூர் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்.

"நான் வாசிச்சதே இல்லைன்னு அவருகிட்ட சொல்லிட்டீங்களா மாப்ள?"

"இல்லீங்க மாமா."

"சொல்லாதீங்க."

அப்பா இப்போது இல்லை. எங்கள் வீட்டில் இன்றும் யாரையாவது தகுதிக்கு மீறி யாராவது புகழ்ந்துவிட்டால், மற்ற நாங்கள் அத்தனை பேரும் முகத்தில் சிரிப்பே இல்லாமல் ஒரே குரலில் 'சொல்லாதீங்க' என்போம்.