முண்டு வத்தலும் பிரெஞ்சு ஒயினும்

சுதந்திரம் வந்த பிறகு இந்தத் தேசத்தில் நியாயமாகக் கோபப்பட்ட அரசாங்க ஊழியர் ஒரே ஒருவர்தான். மற்றவர்களும் கோபப்பட்டார்கள்; ஆனால் மேலதிகாரி வெளியூர் போயிருக்கிறாரா என்று விசாரித்துக்கொண்டு கோபப்பட்டார்கள். அதற்குப் பெயர் கோபமல்ல, வாயு.

இராமநாதபுரக் கடற்கரையில் கொழும்புக் கப்பல் வந்து நிற்கும் ஒரு துறை. பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இப்போது நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார்கள். அங்கே கஸ்டம்ஸில் நான் குமாஸ்தா, அவர் பெட்டி சோதிக்கும் இன்ஸ்பெக்டர். சொந்த ஊர் கமுதிப் பக்கம். குட்டை, உருண்டை, சிவப்பு. அந்தச் சீமையில் உருண்டை மிளகாயை முண்டு என்பார்கள். எனவே அவருக்கு முண்டு வத்தல் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயரும் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியல் எழுதும் எனக்கே அது சமயத்தில் மறந்துவிடும்.

காலையில் காற்றோடு ஆரம்பிப்பார். எங்கள் ஊர்க் காற்று மணலை வாரிக்கொண்டு வந்து சோற்றில் போடும். "ஏலே, ஊர்ல வேற எலையே கெடைக்கலையா ஒனக்கு?" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்துவார். கப்பல் தாமதமானால் கப்பலுக்கு வசவு. நேரத்துக்கு வந்துவிட்டால், "இன்னைக்கு என்ன அவசரம்?" என்று அதற்கும் வசவு.

ஒருநாள் கீழக்கரை வியாபாரி ஒருவர் பெட்டி நிறையக் குளியல் சோப்போடு இறங்கினார்.

"என்னங்க இது? ஊரையே குளிப்பாட்டப் போறீகளா?"

"நம்ம குடும்பம் பெருசு சார்."

"பெருசுன்னா? இம்புட்டு சோப்பா?"

"நீங்க கத்துற கத்துல எல்லாருக்கும் வேர்த்துக் கொட்டுதுல்ல. குளிக்க வேணாமா?"

கூலியாட்கள் முதல் நான் வரை சிரித்தோம். முண்டு வத்தல் மட்டும் சிரிக்கவில்லை. தீர்வையை ஒழுங்காக வாங்கினார். பிறகு, வியாபாரி நகைச்சுவையாகப் பேசிவிட்ட கோபத்தில், அவர் பெட்டியைத் தானே கயிறு போட்டுக் கட்டி, "போங்க, ஒழுங்கா ஊர் போய்ச் சேருங்க!" என்று விரட்டினார்.

இனி ஒயின். மதுவிலக்கு அமலில் இருந்த காலம். பர்மிட் இல்லாமல் ஒரு குப்பி வைத்திருந்தாலும் ஜெயில். எங்கள் பகுதியில் மதுவிலக்குப் பிரசாரக் குழு ஒன்று இருந்தது. அதற்குத் தலைவர் ஒரு பெரிய நிலச்சுவான்தார். கள் குடிப்பவனை மிருகம் என்று மேடையில் சொல்வார். பிழைப்புப் போன பனையேறிகள் எழுந்து கேள்வி கேட்டால், "வேறு வேலை பாருங்கள்" என்று சொல்லிவிட்டு மாலையைக் கழற்றுவார். அவர் வாழ்நாளில் வேறு வேலையோ, ஒரு வேலையோ பார்த்ததாக எனக்குத் தகவல் இல்லை.

அந்தத் தலைவர் கொழும்பிலிருந்து வந்து இறங்கினார். கூடவே அவருடைய சமையல்காரர் மாரிச்சாமி. பெரிய தோல்பெட்டியைத் திறந்தால், ஜரிகை வேட்டிகளுக்கு அடியில் வைக்கோல் சுற்றிய ஆறு குப்பிகள். குப்பியில் ஒட்டிய சீட்டில் ஒரு மாளிகைப் படம். கீழே பிரெஞ்சு எழுத்து.

"என்ன இது?" என்றார் முண்டு வத்தல்.

தலைவர் கண் இமைக்கவில்லை. "அது என் பெட்டியில்லை. இவன் பெட்டி."

மாரிச்சாமி முதலாளியைப் பார்த்தார். பிறகு தன் கக்கத்தில் இருந்த துணி மூட்டையைப் பார்த்தார். "ஆமாங்கய்யா. என்னோடதுதான்" என்றார்.

அவ்வளவுதான், முடிந்தது. ஒப்புக்கொண்டவன் ஜெயிலுக்குப் போக வேண்டும். பெட்டியில் இருக்கும் ஜரிகை வேட்டி யார் இடுப்பில் நிற்கும் என்று சட்டம் கேட்பதில்லை. எங்கள் சூப்பரின்டென்டென்ட் தலைவருக்கு நாற்காலி போட்டு, "அவனே சொல்லிட்டான், எழுதி முடிங்க" என்று உத்தரவிட்டு, தலைவருக்குக் காபி வாங்கத் தானே ஓடினார்.

முண்டு வத்தலின் காது சிவந்தது. "ஏலே, இது ஒஞ் சரக்குதான?"

"ஆமாங்கய்யா."

"ஒனக்கு வேணுமா?"

"வேணாங்கய்யா."

"அப்பத் தூக்கு. கடல்ல ஊத்துவோம்."

நான் குறுக்கே போய், "சார், மேலுத்தரவு இல்லாமல் அழிக்கக் கூடாது" என்றேன்.

"வாய மூடுறியா, ஒன்னையும் சேத்து ஊத்தவா?"

துறைப் பாலத்தின் இரும்புக் கம்பியில் முதல் குப்பியின் கழுத்தைத் தட்டினார். கடல் ஓரிடத்தில் சிவந்து தெளிந்தது. பின்னாலேயே வந்த தலைவர் வானத்தைப் பார்த்தார். இரண்டாவது குப்பிக்குக் கைக்குட்டையை எடுத்தார். மூன்றாவதை முண்டு வத்தல் மாரிச்சாமியிடம் கொடுத்து ஊற்றச் சொன்னபோது, தலைவருக்குத் தாங்கவில்லை.

"டேய் முட்டாள்! அது என்னன்னு தெரியுமாடா?"

"சாராயம்" என்றார் முண்டு வத்தல்.

"சாராயமா! அந்தத் தோட்டத்துப் பேரச் சொன்னா பிரான்ஸ்ல தொப்பியக் கழட்டுவான்யா! மூணு வகைத் திராட்சையத் தனித்தனியாப் புளிக்க வச்சு, பக்குவம் பாத்துக் கலந்து, மரப் பீப்பாயில ஊறப்போட்டு... ஒலகச் சண்டைக்கு முந்துன சரக்குய்யா! கொழும்புல அந்தத் துரைகிட்ட நான் எம்புட்டுக் கெஞ்சி..."

அங்கே நின்றது பேச்சு.

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், "தலைவரு நல்லாப் பேசுறாரு. மீட்டிங்குல இதையும் பேசச் சொல்லுங்கப்பா" என்றார்.

"கெஞ்சி? சொல்லுங்க. கெஞ்சுனது யாரு?" என்றார் முண்டு வத்தல், வாழ்நாளில் முதன்முறையாக மெல்லிய குரலில். உடனே அந்தக் குறையைச் சரிசெய்தார். "சோறாக்கிப் போட்டவன ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தீகளே, நீங்கல்லாம் மனுசனா?" என்று போட்ட சத்தத்தில், பாலத்துக்கு வந்து சேர்ந்த சூப்பரின்டென்டென்ட் கையிலிருந்த காபி அவர் சட்டையில் கொட்டியது.

மாரிச்சாமி தப்பினார். பாலமே கேட்ட பிறகு அவர் மீது வழக்கெழுத யாருக்கும் துணிச்சலில்லை. தலைவருக்கு என்ன தண்டனை என்று கேட்பீர்கள். பெட்டி யாருக்கும் சொந்தமில்லை, கப்பலில் யாரோ விட்டுப்போனது என்று முடிவாயிற்று. அதற்கும் ஒரு விதி உண்டு; எனக்குத் தெரியும்; இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன். மிச்சக் குப்பிகள் சோதனைக்கென்று சூப்பரின்டென்டென்ட் அறைக்குள் போயின. சோதனை அந்த வாரமே திருப்திகரமாக முடிந்திருக்க வேண்டும். தலைவர் அடுத்த மாதமும் மேடையேறினார். உத்தரவின்றிச் சரக்கை அழித்த குற்றத்துக்காக முண்டு வத்தலை வடக்கே ஏதோ ஓர் உப்பளத்துக்கு மாற்றினார்கள்.

வேலை போன மாரிச்சாமியும் அவரோடு கிளம்பினார். ரயிலடியில் இரண்டு பேரையும் பார்த்தேன். "ஒஞ் சோத்த வாயில வைக்க முடியல. அந்தாளு எப்பிடித்தான் தின்னாரோ! மூட்டைய இங்கன வையி. ஒக்காரு. தண்ணி குடிச்சியா?" என்று மாரிச்சாமிக்கு அர்ச்சனை நடந்துகொண்டிருந்தது.

நான் லீவு எழுதிக் கொடுக்காமல் வந்திருந்தேன். உத்தியோக காலம் முழுவதிலும் அப்படிச் செய்தது அன்று மட்டும்தான். என்னைக் கண்டதும் முண்டு வத்தல் ரயில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஆபீஸ் நேரத்துல இங்கன என்னய்யா வேலை? மெமோ குடுக்கவா?" என்று கத்தினார். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

கொடுத்திருக்கலாம். பத்திரமாக வைத்திருப்பேன்.